எண்களுக்கு உரை எழுதியவர்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கில் அறிவியல் ஆய்வாளர் ஒருவரின் பேச்சைக் கேட்க நேர்ந்தது. திரையில் ஒரே சமயத்தில் ஆறு வரைபடங்கள். எதைப் பார்ப்பதென்று அவையோர் திகைத்திருக்க, எல்லாம் படத்திலேயே இருக்கிறது என்று சொல்லி அவர் அடுத்ததற்கு நகர்ந்துவிட்டார். அவருடைய ஆய்வு மிகச் சிறந்ததென்று பின்னர் அறிந்தோம். அன்று என்னவோ வெறுங்கையோடுதான் திரும்பினோம். உரையின்றி விளங்காத செய்யுள்களைப் பல்லாண்டுகளாகப் பாடம் சொல்லிவரும் நமக்கு ஒரு கேள்வி எழுந்தது: ஆய்வாளரின் எண்களுக்கு உரையாசிரியர் யார்?

அப்படி ஒருவர் வேண்டுமென்று உணர்ந்து, அதற்கெனத் தனிப் பணியையே வகுத்த இடம் ஒன்று வியன்னாவில் இருந்தது. தத்துவ அறிஞரும் பொருளியலாளருமான ஓட்டோ நாய்ராத், நகராட்சியின் ஆதரவோடு 1925-இல் அங்கே சமூக, பொருளாதார அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். வீடு, நோய், வேலை பற்றிய புள்ளிவிவரங்கள் அட்டவணைக்குள் அடைபட்டுக் கிடக்காமல் தொழிலாளர் குடும்பங்களின் கண்ணுக்கு எட்டவேண்டும் என்பது அவர் நோக்கம்.

அங்கே பணிக்கு வந்தவர்களுள் ஒருவர் மரீ ரைடமைஸ்டர். 1898-இல் பிறந்தவர், கணிதம் கற்றவர். புள்ளியியலாளர் ஒருபுறம், ஓவியர் மறுபுறம். இருவருக்கும் நடுவே அமர்வது அவர் வேலை. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'டிரான்ஸ்பார்மர்'. நமக்குத் தெருமுனை மின்கருவி நினைவுக்கு வரும். உயர் அழுத்தத்தை வீட்டு விளக்குக்கு ஏற்றதாக்கும் அந்த உவமையும் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. வல்லுநரிடம் கேட்டுக் கேட்டு, இந்த எண்களில் சொல்லத்தக்கது எது, விடத்தக்கது எது என்று அவர் தேர்வார். பென்சிலால் ஒரு வரைவு போடுவார். அதன் பிறகே அது கெர்ட் ஆர்ன்ட்ஸ் போன்ற ஓவியரின் கைக்குப் போகும்.

அவர்கள் கடைப்பிடித்த விதிகளுள் ஒன்று எளியது. இருமடங்கைக் காட்ட ஒரு மனித உருவை இருமடங்கு உயரமாக வரைந்தால், அகலமும் உடன் வளர்ந்து பரப்பு நான்கு மடங்காகிவிடும், கண் ஏமாறும். ஆகவே உருவைப் பெரிதாக்காமல், அதே அளவில் இன்னோர் உருவைப் பக்கத்தில் நிறுத்தினார்கள். இன்றும் ஆய்வேடுகளில் இவ்விதி மீறப்படுவதைக் காண்கிறோம்.

1939-இல் வெளிவந்த நாய்ராத்தின் நூலில் இங்கிலாந்து நெசவு பற்றிய படம் ஒன்றுண்டு. ஓர் உருவம் பத்தாயிரம் நெசவாளருக்குச் சமம். 1820 முதல் 1880 வரை இறங்கிவரும் வரிசைகளில் வீட்டில் நெய்தோர் தேய்ந்து மறைய, ஆலைத் தொழிலாளரும் உற்பத்தியும் பெருகுகின்றனர். ஒரு வாழ்வு முறையின் மறைவைப் பத்துப் பக்க விளக்கமும் இவ்வளவு விரைவாகச் சொல்லாது. அதே ஆலைத்துணியால் நொடித்த இந்தியத் தறிகாரர் அப்படத்தில் இல்லை. தலைப்பு இங்கிலாந்து என்பதால் குற்றம் சொல்ல முடியாதுதான். எனினும் நம் கண் அங்கேதான் போய் நின்றது. விடத்தக்கது எது என்று முடிவு செய்பவரின் கையில் எவ்வளவு அதிகாரம்! தாம் பொதுமக்களின் சார்பாக அமர்ந்திருப்பதாகவே மரீ இப்பணியைக் கருதினார். வல்லுநரின் எழுத்தராக அன்று.

1934-இல் வியன்னாவை விட்டு ஹேக் நகருக்கு, 1940-இல் அங்கிருந்து படகில் இங்கிலாந்துக்கு, அங்கே தடுப்புக்காவல், 1941-இல் ஓட்டோவுடன் திருமணம். 1945 டிசம்பரில் ஓட்டோ மறைந்தார். அதன்பின் கால் நூற்றாண்டு மரீயே ஐசோடைப் என்னும் அந்த முறையை நடத்தினார். குழந்தைகளுக்கான அறிவியல் நூல்கள் பலவற்றை உருவாக்கினார். 1950-களில் மேற்கு நைஜீரிய அரசுக்காகவும் பணியாற்றினார். ஆயினும் ஓட்டோவின் பெயரை அறிந்தோருள் மரீயை அறிந்தோர் சிலரே. உரையாசிரியர்களின் பெயரையேனும் நாம் போற்றி வைத்திருக்கிறோம்.

1971-இல் அவர் தம் சேகரிப்பு முழுவதையும் ரெடிங் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார், 1986-இல் மறைந்தார். அச்சேறிய படங்களோடு, அவற்றுக்கு முன் போட்டுப் பார்த்த பென்சில் வரைவுகளும் அங்கே இருக்கின்றன.