வெட்டாமல் பிரித்த தோட்டம்

பெற்றவர் தம் சொத்தை வளர்ந்த பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் வழக்கத்தை மலேசியாவின் கெடா மாநிலத்துக் கூலிம் வட்டாரத்தில் ஆராயப் புகுந்தால், பங்கிடுவதற்கு அங்கே என்ன இருந்தது என்றுதான் முதலில் கேட்க வேண்டும். பாடாங் செராய், லூனாஸ் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டிய தமிழருக்கு லயத்து வீடு சொந்தமில்லை. அது நிர்வாகத்தின் உடைமை. தகப்பன் வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். மகனோ மருமகளோ பேர் பதிந்து வாளி தூக்கினால்தான் குடும்பம் அதே கூரையின் கீழ் தங்க முடியும். ஆக, தலைமுறை தாண்டிக் கைமாறியது சொத்தல்ல, வேலைதான். 1951-இல் ஊழியர் சேமநிதி வந்த பிறகே தொழிலாளி விட்டுச்செல்ல ஏதோ ரொக்கம் சேரத் தொடங்கியது. தோட்ட நிலத்தில் அவருக்கென்று ஒரு பாத்தியதை 1960களில்தான் பிறந்தது. நிலத்தைக் கூறு போடாமல் விட்டதால்தான் அந்தப் பாத்தியதை பிள்ளைகள் வரை வந்து சேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பங்கீட்டுச் சட்டத்தில் குறையில்லை. உயில் எழுதாமல் இறந்த முஸ்லிம் அல்லாதாரின் உடைமைக்கு மலாயாவில் 1958-ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டம் வழி வகுத்தது. அது வந்தபோது, கணவன் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மிச்சம் பிள்ளைகளுக்கு, ஆண் பெண் பேதமின்றிச் சமமாக. இதற்கு மூலமாக அமைந்தது இங்கிலாந்தின் 1670-ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் அந்த மூலச் சட்டம் அசையும் பொருளுக்கு மட்டுமே உரியது. இங்கிலாந்தில் ஒருவர் உயில் எழுதாமல் கண்ணை மூடினால், ரொக்கமும் தட்டுமுட்டுச் சாமானும் எல்லாப் பிள்ளைகளுக்கும் போகும். நிலம் பொதுவாக மூத்த மகனுக்கே போகும். 1925-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அங்கே இதுவே நியதி. மலாயாச் சட்டமோ நிலத்தையும் சமமாகவே பிரித்தது. தமிழ்நாட்டில் கூட்டுக் குடும்பச் சொத்தில் மணமாகாத மகளுக்கு மகனுக்கு நிகரான உரிமை 1989-இல்தான் கிடைத்தது என்பதை நினைத்தால் இதன் அருமை விளங்கும். ஆயினும் சமபங்கு வேறு, பிழைக்கத் தக்க பங்கு வேறு. 1965-ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டம் விவசாய நிலத்தை ஏறக்குறைய ஓர் ஏக்கருக்குக் கீழே பிளக்க விடுவதில்லை. மூன்று ஏக்கரை ஐந்து பிள்ளைகள் பெற்றால் ஒரே பட்டாவில் ஐந்து பேரும் பங்குதாரராக நிற்க வேண்டியதுதான்.

கூறு போட்டால் என்ன ஆகும் என்பதை 1950களின் துண்டாடல் காட்டிவிட்டது. ஐரோப்பிய முதலாளிகள் விற்ற தோட்டங்களை வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி விற்றார்கள். புகைக்கொட்டகை ஒரு துண்டில் அகப்படும், மங்கு கட்டிய மரங்கள் வேறு துண்டுகளில் நிற்கும். லயம் யார் கையில் என்பது வழக்காகும். வேலையும் கூரையும் ஒரே நாளில் போயின. இதற்கு மாற்றாகவே துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 100 வெள்ளிப் பங்கைத் தொழிலாளி பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம். அப்படித் திரண்ட பணத்தில் சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சீடிம். மரம் முழுசாக நின்றது, பங்கு மட்டும் பிரிந்தது. அந்தப் பங்கை உறுப்பினர் தம் பிள்ளைக்கு விட்டுச்செல்லவும் முடிந்தது.

‘பங்குப் பத்திரம் நிலமாகுமா? ஆளுக்கு நாலு ஏக்கர் கொடுத்திருந்தால் ஒவ்வொரு குடும்பமும் தலைநிமிர்ந்திருக்காதா?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ரப்பர் கன்று பால் தர ஆறேழு ஆண்டு ஆகும். மரம் கிழடானால் வெட்டிவிட்டு மறுநடவு செய்ய வேண்டும். நாலு ஏக்கர்காரர் அத்தனை காலம் எதைத் தின்று வாழ்வார்? அரசின் பெல்டா நிலத் திட்டத்தில் குடியேறியவர்கள் சிறு நிலத்தில் முன்னேறவில்லையா என்றால், அங்கும் விளைச்சலைப் பதப்படுத்துவதும் விற்பதும் பொதுவாகவே நடந்தன. 1960-ஆம் ஆண்டின் குழுக் குடியேற்ற நிலச் சட்டம் அந்த நிலத்தைத் துண்டாடுவதைத் தடுத்தும் வைத்தது. 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள தோட்டங்களைக் கூறு போட்டு விற்க அனுமதி வேண்டும் என்று தேசிய நிலச் சட்டத்தில் பின்னர் 214ஏ பிரிவு சேர்ந்ததும் இதே பாடத்தால்தான்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. பங்கு பத்திரமாக இருந்தது சரி, குடியிருக்க ஒரு மனை? வேலையோடு கட்டிப்போட்ட லயத்து முறை கூட்டுறவால் மட்டும் ஒழிந்துவிடவில்லை. 1996-இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. சுற்றுவட்டாரத்தில் ஆலைக்கும் வீட்டுமனைக்கும் நிலம் தேடும் காலத்தில், மரத்துக்கு இருந்த மதிப்பு மண்ணுக்கு மாறியது. வேலையோடு வந்த வீட்டுக்குப் பட்டா இல்லாதவர் அந்த மதிப்பில் எதைக் கேட்க முடியும்? இந்தக் குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இது, தோட்டத்தை வெட்டியிருக்க வேண்டும் என்பதற்குச் சான்றாகாது. பிழைப்புக்கான ரப்பர்க் காட்டையும் குடியிருக்கும் மனையையும் ஒரே கணக்கில் வைத்ததுதான் பிழை. காட்டைப் பிரித்தால் வருமானம் போகும். மனையைப் பிரிக்காவிட்டால் குடும்பத்துக்கு நிற்க இடம் போகும். காடு பொதுவில், மனை அவரவர் பேரில் என்று தொடக்கத்திலேயே பிரித்திருந்தால், தோட்டத் தொழிலாளியின் பிள்ளைகள் வருமானத்தில் ஒரு பங்கோடு பட்டா உள்ள ஒரு வீட்டையும் பாகம் பிரித்துக்கொண்டிருப்பார்கள்.