தரங்கம்பாடித் தலைவாயில்

மலையில் விளையும் பொருளே மாகடலில் கப்பலைச் செலுத்தியது எனின் மிகையன்று. கொல்லிமலைத் திண்ணனூர் நாட்டில் மிளகுக் கொடிகள் மரங்களைத் தழுவிப் படர்ந்திருப்பதை இன்றும் காண்கிறோம். அத்தகைய மிளகை நாடித்தான் மேலைநாட்டார் பலர் நம் கரை சேர்ந்தனர். அவர்களுள் டென்மார்க்கு நாட்டார் கால் ஊன்றிய துறை தரங்கம்பாடியாகும்.

இன்று மயிலாடுதுறை மாவட்டத்திலுள்ள அவ்வூருக்கு நாம் சென்றபோது, முதற்கண் எதிர்ப்பட்டது 1792ஆம் ஆண்டில் எழுந்த தலைவாயில். டேனிஷ் அரச முத்திரை அதன் நெற்றியில் விளங்குகிறது. உள்ளே நேராகச் செல்லும் இராஜ வீதியில் 1701ஆம் ஆண்டின் சீயோன் தேவாலயமும், 1718ஆம் ஆண்டின் புதிய எருசலேம் தேவாலயமும் நிற்கின்றன. வீதியின் முடிவில் டேன்ஸ்பர்க் கோட்டை, அதற்கப்பால் அலைகடல். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முற்பகுதியை அக்கடல் விழுங்கிவிட்டது.

1620ஆம் ஆண்டில் தஞ்சை இரகுநாத நாயக்கர், ஓவே கெட்டே என்னும் டேனிஷ் தளபதியுடன் உடன்படிக்கை செய்து இவ்விடத்தை அளித்தார். அவர் பொன்னேட்டில் தமிழில் வரைவித்த மடல் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1706ஆம் ஆண்டில் வந்திறங்கிய சீகன்பால்கு அச்சுக்கூடம் நிறுவியதும், 1715ஆம் ஆண்டில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியதும், பக்கத்துப் பொறையாற்றில் காகித ஆலை நடந்ததும் நாம் நன்கறிந்தவை. தமிழ் கற்றோர் எச்சமயத்தவராயினும் இவ்வச்சுப் பணியை நன்றியுடன் நினைப்பர்.

ஆனால் இவ்வூரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இவ்வளவில் நின்றுவிடுகின்றனர். நம் நெசவாளரின் பருத்தித் துணி இத்துறையிலிருந்து எங்குச் சென்றது? கோபன்ஹேகன் சென்ற துணியில் ஒரு பகுதி மீண்டும் கப்பலேறி, இன்றைய கானா நாட்டிலுள்ள கிறிஸ்டியன்ஸ்போர்க் கோட்டையை அடைந்தது. அங்கே அது மனிதருக்கு விலையாகக் கொடுக்கப்பட்டது. அவ்வாறு வாங்கப்பட்டோர் கரீபியன் கடலிலுள்ள செயிண்ட் தாமஸ், செயிண்ட் குரோய் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அத்தீவுகளின் துறைமுகங்களான சார்லட் அமாலியும் கிறிஸ்டியன்ஸ்டெட்டும் தரங்கம்பாடியை ஆண்ட அதே மன்னரின் ஆட்சியில் இருந்தவை. அங்கும் கடலை நோக்கிய டேனிஷ் கோட்டைகள் நிற்கின்றன. தறியில் அமர்ந்த தமிழன் தன் துணி இதற்குப் பயன்படும் என அறிந்திருப்பானா?

தலைவாயில் எழுந்த அதே 1792ஆம் ஆண்டில்தான், அடிமை வாணிபத்தைத் தடைசெய்யும் ஆணை டென்மார்க்கில் பிறந்தது. ஐரோப்பிய அரசுகளுள் இத்தகைய தடையை முதலில் விதித்தது அதுவே என்று அந்நாட்டைப் புகழ்வாருண்டு. அவ்வாணை 1803ஆம் ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தது என்பதையும் சேர்த்தே சொல்லல் வேண்டும். இடைப்பட்ட பத்தாண்டு, தோட்டங்களுக்கு வேண்டிய ஆட்களைக் கொணர்ந்து நிரப்பிக்கொள்ள அளித்த அவகாசமே. வாணிபம் நின்ற பின்னும் அடிமைத்தனம் நிற்கவில்லை. 1848ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள், செயிண்ட் குரோயின் பிரடெரிக்ஸ்டெட் நகரில் ஆயிரக்கணக்கான அடிமைகள் திரண்டெழுந்து உரிமை கேட்ட பின்னரே, ஆளுநர் பீட்டர் வான் ஷோல்டன் விடுதலையை அறிவித்தார்.

அதற்கு மூன்றாண்டு முன்னரே, 1845இல், தரங்கம்பாடியும் வங்கத்துச் சீராம்பூரும் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டன. 1861இல் நாகப்பட்டினத்திற்கு இரயில் பாதை வரவே, தரங்கம்பாடியின் வாணிபம் மங்கியது. கரீபியன் தீவுகளும் 1917இல் இரண்டரைக் கோடி டாலருக்கு அமெரிக்காவின் கை மாறின.

சோழ மண்டலக் கரையை அரபு நூலோர் ‘மஅபர்’ என்றழைத்தனர். கடந்து செல்லும் இடம் என்பது அதன் பொருள். மிளகும் துணியும் நூலும் கடந்த இத்துறையைக் காணச் செல்வோர், அத்துணிக்கு ஈடாக மறுகரையில் எண்ணி வாங்கப்பட்ட மாந்தரையும் ஒரு கணம் நினைத்தல் வேண்டும். அந்த நினைவின்றி இத்துறைமுகத்தின் சரித்திரம் நிறைவு பெறாது.