கொச்சி – சென்னை விமானம்: 520 கி.மீ. கடக்க உண்மையில் எவ்வளவு நேரம்?

களமசேரியில் வேலை, சென்னையில் வீடு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பினா எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம்?

நெடும்பாசேரி – மீனம்பாக்கம் வான்வழி தூரம் சுமார் 520 கி.மீ. ஜெட் வேகத்தில் 40 நிமிடம்தான். ஆனா டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரம்னு இருக்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவதற்கு முறை வரும்வரை காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம்.

அதோட முடியலை. மெட்ரோவில் ஆலுவா, அங்கிருந்து பஸ்: ஒரு மணி நேரம். செக்-இன், பாதுகாப்புச் சோதனை: இரண்டு மணி நேரம். மீனம்பாக்கத்திலிருந்து வீடு: ஒரு மணி நேரம். மொத்தம் 5 மணி நேரத்துக்கு மேல்.

எர்ணாகுளத்திலிருந்து இரவு ரயிலுக்குச் சுமார் 12 மணி நேரம். ஆனா தூங்கிக்கிட்டே போகலாம். அன்னைக்கு ராத்திரியே வீட்டில் சாப்பிடணும்னா விமானம். விடிஞ்சு போனா போதும்னா ரயில்.