குதிரையேற்றக் கால்சட்டை (ராணுவச் சீருடை)

தொடைப் பகுதியில் பக்கவாட்டில் உப்பியும், முழங்காலுக்குக் கீழே காலோடு ஒட்டியும் தைக்கப்படும் கால்சட்டை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இரண்டாம் உலகப் போர் வரை பிரிட்டன், ஜெர்மனி, ரஷ்யா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் ராணுவங்களில் பரவலாக இருந்தது. பழைய படங்களில் அது வெறும் மிடுக்காகத் தெரியலாம். ஆனால் தேவை கருதியே அப்படித் தைத்தார்கள்.

சேணத்தில் அமர்பவர் தொடையை விரித்து, முழங்காலை மடக்கி மணிக்கணக்கில் இருக்க வேண்டும். அக்காலக் கம்பளித் துணியும் தடித்த பருத்தித் துணியும் நெகிழ்ந்து கொடுக்காதவை. இறுக்கித் தைத்தால் கவட்டில் கிழியும். முழுவதும் தொளதொளப்பாக விட்டால் சேணத்துக்கும் தொடைக்கும் இடையில் மடிப்பு விழுந்து தோலைப் புண்ணாக்கும். எனவே கூடுதல் துணியை வெளிப்பக்கம் ஒதுக்கினார்கள். சேணத்தில் உரசும் முழங்காலின் உட்புறத்தில் தோலையோ இரட்டைத் துணியையோ வைத்துத் தைத்தார்கள். கெண்டைக்காலைப் பொத்தானாலோ நாடாவாலோ இறுக்கியதால், கால்சட்டை சுருங்காமல் உயரமான பூட்ஸுக்குள் நுழைந்தது.

இதன் நெருங்கிய உறவான ஜோத்பூர் கால்சட்டை, சுடிதாரின் வழியில் வந்து கணுக்கால் வரை நீள்வது. ஜோத்பூர் அரச குடும்பத்தின் சர் பிரதாப் சிங், 1897-இல் விக்டோரியா மகாராணியின் வைர விழாவுக்குப் போலோ குழுவுடன் சென்றபோது அது இங்கிலாந்தில் புகழ்பெற்றது.

குதிரைப்படையில் இல்லாதவர்கள் ஏன் இதை அணிந்தார்கள்? அன்றைய ராணுவமே குதிரையை நம்பி நடந்தது என்பதே விடை. காலாட்படையிலும் பட்டாலியன் தளபதியும் அவருடைய நிர்வாக உதவி அதிகாரியான அட்ஜுடன்ட்டும் குதிரையில் சென்றார்கள். நீண்ட அணிவகுப்பின் முன்னும் பின்னும் விரைந்து கட்டளையிட வேறு வழி இல்லை. முதல் உலகப் போரில் பிரிட்டனின் 18 பவுண்டர் பீரங்கியை ஆறு குதிரைகள் இழுத்தன. அவற்றை ஓட்டிய வீரர்கள் வண்டியில் அமரவில்லை. ஒவ்வொரு ஜோடியிலும் இடப்பக்கக் குதிரையின் மேல் ஏறிச் சென்றார்கள். அப்போரில் அமெரிக்கக் காலாட்படையின் சாதாரண வீரருக்கும் இவ்வகைக் கால்சட்டையே தரப்பட்டது. கீழே ஒட்டியிருந்ததால் அதன்மேல் கம்பளிப் பட்டியை எளிதாகச் சுற்ற முடிந்தது.

நாளடைவில் அது அதிகாரியின் அடையாளமும் ஆயிற்று. மோட்டார் சைக்கிள் வீரர்களும் விமானிகளும்கூட அணிந்தார்கள். ரஷ்யாவில் பிரெஞ்சுத் தளபதி கலிஃபேயின் பெயரால் வழங்கிய இவ்வுடை, சோவியத் அதிகாரிகளிடமும் நிலைத்தது. 1930-களின் இறுதியில் பிரிட்டன் எல்லாப் படைநிலையினருக்கும் நேரான கால்சட்டை கொண்ட போர்க்கள உடையைக் கொண்டுவந்தது. ஆனால் அமெரிக்கத் தளபதி பேட்டன் இரண்டாம் உலகப் போரிலும் குதிரையேற்றக் கால்சட்டை அணிந்து படம் எடுத்துக்கொண்டார்.

இந்தியாவில் குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படை போன்ற குதிரைப் பிரிவுகளில் குதிரையேற்ற உடை இன்றும் உண்டு. 1958-இல் ஸ்பான்டெக்ஸ் இழை கண்டுபிடிக்கப்பட்ட பிறகு நெகிழும் துணிகள் பரவின. இன்றைய குதிரையேற்ற வீரர்களின் கால்சட்டையில் பழைய உப்பல் இல்லை.