கிடாருக்குள் ஒரு ஐந்து கட்டை: சிங்கிள் காயிலா, ஹம்பக்கரா?

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் பங்குனி பிறந்தால் கோயில் பொங்கலும் வரும், கூடவே இன்னிசைக் கச்சேரியும் வரும். கிடார்காரர் ஒயரைச் சொருகியதும் ஸ்பீக்கர் பாக்ஸில் இருந்து "ம்ம்ம்ம்" என்று ஒரு சத்தம் கிளம்புமே, கேட்டிருப்பீர்கள். பாடகர் இன்னும் வாயே திறக்கவில்லை. அப்புறம் சுருதி போட்டது யார்?

நம்ம மின்வாரியம்தான் :-)

நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 தடவை திசை மாறி மாறி ஓடுகிறது. கிடாரில் கேட்கும் அந்த ஹம் இந்த 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளான 100, 150 ஹெர்ட்ஸும் கலந்தது. கிடாரின் ஆறாவது கம்பியில் மூன்றாவது கட்டத்தை அழுத்தினால் வரும் ஜி ஸ்வரம் 98 ஹெர்ட்ஸ். அதாவது நம்ம ஊர் ஹம் ஏறத்தாழ ஐந்து கட்டை சுருதி, ஆனால் ஒரு இழை தூக்கல். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கே ஹம்முக்கும் வேறு சுருதி.

பி.காம். படிக்கிறவனுக்கு இதெல்லாம் எதுக்கு என்று கேட்காதீர்கள். இந்தக் கதையின் முக்கியமான ஆளே ஒரு கணக்குப்பிள்ளைதான். கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

சிங்கிள் காயில் வந்த கதை

எலக்ட்ரிக் கிடாரின் கம்பிகளுக்குக் கீழே இருக்கும் பட்டையான பெட்டிக்குப் பெயர் பிக்கப். உள்ளே காந்தம். அதைச் சுற்றித் தலைமுடி மாதிரி மெல்லிய தாமிரக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. நெசவாளர் வீட்டில் தார் சுற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். மேலே இருக்கும் எஃகுக் கம்பி அதிர்ந்தால் காந்தப்புலம் அசைகிறது, காயிலில் மின்சாரம் பிறக்கிறது. அதைப் பெரிதாக்கித் தருவது ஆம்ப்ளிஃபயர். நைலான் கம்பி போட்டால் இந்த வித்தை பலிக்காது.

1931ல் அமெரிக்காவில் ஜார்ஜ் போஷாம்ப் என்பவர் இந்த முறையில் ஒரு பிக்கப் செய்தார். ரிக்கன்பேக்கரோடு சேர்ந்து அவர் கொண்டுவந்த கிடார் தோசைக்கல்லுக்குக் கைப்பிடி போட்ட மாதிரி இருந்ததால் அதற்கு 'ஃப்ரையிங் பேன்' என்றே பெயர் விழுந்தது. 1936ல் கிப்சன் கம்பெனி இ.எஸ்-150 கிடாரைக் கொண்டுவந்தது. இவை எல்லாமே ஒற்றைக் காயில்.

இப்போது நம்ம கணக்குப்பிள்ளை. லியோ ஃபெண்டர் கல்லூரியில் படித்தது அக்கவுண்டிங். பார்த்த வேலையும் அதுதான். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை போனது. 1938ல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டார். அந்தக் கடையில் ஆரம்பித்த மனிதர்தான் பிறகு டெலிகாஸ்டரையும், 1954ல் ஸ்ட்ராடோகாஸ்டரையும் கொண்டுவந்தார். இதில் வேடிக்கை, அவருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது!

ஸ்ட்ராட்டில் மூன்று சிங்கிள் காயில்கள். மணி அடித்த மாதிரி தெளிவான சத்தம். ஆனால் ஒரு குறை. காயிலுக்குத் தன் கம்பியின் அதிர்வு எது, பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டையும் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பிவிடும்.

இரட்டைக் காயில் தந்திரம்

கிப்சனில் சேத் லவர் என்ற எஞ்சினியர் இருந்தார். ஆம்ப்ளிஃபயருக்குள் ஹம்மை அடக்க எதிரெதிராகச் சுற்றிய சோக் ஒன்றைப் பயன்படுத்தியிருந்தார். ஆம்ப்ளிஃபயரில் நடக்கிற வேலை கிடாரில் ஏன் நடக்கக்கூடாது என்பதுதான் அவருடைய கேள்வி.

அவர் செய்தது இதுதான். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு காயில்கள். ஒன்றின் சுற்று மற்றதற்கு நேர் எதிர். வெளியிலிருந்து வரும் ஹம் ஒன்றில் கூட்டலாகவும் மற்றதில் கழித்தலாகவும் விழும். பற்றும் வரவும் சமமானால் மீதி பூஜ்யம்! ஆனால் கம்பியின் சத்தமும் அப்படியே காணாமல் போய்விடக்கூடாதே? அதற்காகக் காந்தத்தின் முனைகளையும் ஒன்றில் வடக்கு, மற்றதில் தெற்கு என்று மாற்றி வைத்தார். இரண்டு தடவை திருப்பினால் பழைய திசைதானே? கம்பியின் சத்தம் மட்டும் இரண்டிலும் கூட்டலாகவே வந்து சேர்ந்தது. ஹம்மை மடக்குவதால் இதற்கு ஹம்பக்கர் என்று பெயர்.

1955ல் காப்புரிமைக்கு விண்ணப்பம் போனது. 1957ல் லெஸ் பால் கிடார்களில் ஹம்பக்கர் ஏறியது. அதே வருடம் க்ரெட்ச் கிடார்களில் ரே பட்ஸ் செய்த இரட்டைக் காயில் பிக்கப்பும் வந்தது. லவருக்குக் காப்புரிமை கிடைத்தது 1959ல். அதற்கு முன்பிருந்தே 'விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்ற ஸ்டிக்கரோடு வந்த பிக்கப்புகளை இன்று சேகரிப்பாளர்கள் தங்கம் மாதிரி வாங்குகிறார்கள். பிறகு கிப்சன் காப்புரிமை எண்ணோடு ஸ்டிக்கர் ஒட்டியது. ஆனால் அது பிக்கப்பின் எண் இல்லை, கிடாரின் வேறொரு பாகத்துக்கு லெஸ் பால் வாங்கிய காப்புரிமையின் எண். போட்டியாளர்களைக் குழப்பவா, கவனக்குறைவா என்று இன்னும் பேசிக்கொள்கிறார்கள்.

அதே 1957 ஜூலை 1 அன்றுதான் சென்னை மாநில மின்வாரியம் தொடங்கியது. அப்போது முதல்வர் பக்கத்து ஊர் விருதுநகர்க்காரரான காமராஜர். கிராமம் கிராமமாகக் கரண்ட் வந்துகொண்டிருந்த காலம். ஹம்மை மடக்கும் பிக்கப்பும், நம்ம ஊருக்கு ஹம்மைக் கொண்டுவந்த வாரியமும் ஒரே வயது!

மாண்டலின் சொல்லும் பாடம்

ஹம் போய்விட்டது, அப்படியென்றால் ஹம்பக்கரே போதுமே? அதுதான் இல்லை. இரண்டு காயில் சேர்வதால் சத்தம் கனமாகிறது, உச்ச ஸ்தாயியின் மினுமினுப்பு குறைகிறது. ஒவ்வொரு மீட்டலும் தனித்தனியாகக் கேட்க சிங்கிள் காயில். ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நீட்ட ஹம்பக்கர் சுலபம்.

நமக்கு நீட்டுவது ஏன் முக்கியம் என்பதற்கு யு.ஸ்ரீநிவாஸ் உதாரணம். சாதாரண மாண்டலினில் நான்கு ஜோடிக் கம்பிகள். மீட்டியதும் சத்தம் அடங்கிவிடும், கமகம் பாதியில் நிற்கும். அவர் எலக்ட்ரிக் மாண்டலினுக்கு மாறினார். ஜோடிக் கம்பிகளை எடுத்துவிட்டு ஒற்றைக் கம்பிகளாக ஐந்து வைத்துக்கொண்டார். 1981 டிசம்பர் சீசனில் சென்னையில் அந்தச் சிறுவன் வாசித்ததிலிருந்து 2014ல் மறையும் வரை, கரண்டில் ஓடும் கருவியில் கர்நாடக இசை நிற்குமா என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எலக்ட்ரிக் கிடாரில் சுகுமார் பிரசாத் அதே பாதையில் போனார்.

ஆனால் ஸ்வரத்தை நீட்ட ஆம்ப்ளிஃபயரைத் தூக்கி வைத்தால் ஹம்மும் சேர்ந்து தூக்கும். ஆலாபனையின் மௌனத்தில் அந்தத் தூக்கலான ஐந்து கட்டை உள்ளே புகுந்தால் என்ன ஆகும்? அபஸ்வரம்தான்.

நம்ம மேடைக்கு எது?

கோயில் மேடையைக் கொஞ்சம் பாருங்கள். பின்னால் ஜெனரேட்டர், தலைக்கு மேலே சீரியல் செட், பக்கத்திலேயே மைக் செட்டின் பெரிய டிரான்ஸ்ஃபார்மர்கள். பழைய ட்யூப் லைட் இருந்தால் அதன் சோக் வேறு. சிங்கிள் காயிலுக்கு இதைவிட மோசமான இடம் கிடையாது. மேடைக் கச்சேரிக்கு என்று ஒரே ஒரு கிடார் வாங்குபவருக்கு நான் ஹம்பக்கரைத்தான் சொல்வேன். ஒரு காயிலை மட்டும் தனியாக இயக்கும் ஸ்விட்ச் இருந்தால் இன்னும் நல்லது. வீட்டிலோ ரெக்கார்டிங்கிலோ வாசிப்பவர் தயங்காமல் சிங்கிள் காயில் வாங்கலாம். ஹம் வந்தால் கிடாரோடு கொஞ்சம் திரும்பி நில்லுங்கள். திசைக்குத் திசை சத்தம் கூடிக் குறைந்தால் அது காந்தப்புலத்தில் வருவது. ஒரு கோணத்தில் கிட்டத்தட்ட அடங்கிவிடும்.

ஹம்பக்கரால் முடியாதது

எந்தப் பக்கம் திரும்பினாலும் குறையாத சத்தமும் உண்டு. எர்த் சரியில்லை என்றால் அது வரும். இரட்டைக் காயில் இருந்தும் இரைச்சல் நிற்கவில்லை என்றால் பிக்கப்பைக் குறை சொல்லுமுன் எர்த்தைப் பாருங்கள்.

நம்ம கரிசல் சீமையில் இது சாதாரண விஷயம் கிடையாது. மண் காய்ந்தால் மின்சாரத்தை ஒழுங்காக உள்வாங்காது. அதனால்தான் எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். பங்குனி, சித்திரையில் அந்தக் குழி காய்ந்து கிடக்கும். கச்சேரிகளும் அப்போதுதான் நடக்கும்.

கிடாரின் எஃகுக் கம்பிகள் உள்ளே ஒயர் வழியாக ஆம்ப்ளிஃபயரின் எர்த்தோடு சேர்ந்தவை. ஒரு கை கம்பியில் இருக்க, மறு கையோ உதடோ மைக்கில் பட்டால், இரண்டுக்கும் நடுவில் இருப்பது நம் உடம்பு. 1972 மே 3 அன்று இங்கிலாந்துக்குப் பக்கத்து வேல்ஸின் ஸ்வான்ஸி நகரில் லெஸ்லி ஹார்வி என்ற கிடார் கலைஞர் மேடையிலேயே இப்படித்தான் இறந்தார். எர்த் இல்லாத மைக்கைத் தொட்டார், அவ்வளவுதான்.

அதனால் ஹம் போகிறது என்று யாராவது பிளக்கின் மூன்றாவது பின்னை வெட்டச் சொன்னால் கேட்காதீர்கள். வாசிக்கும்போது விரலில் "சுர்" என்று லேசாக உறைத்தால்கூட கிடாரைக் கழற்றி வைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மைக்கும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுக்கட்டும். லைனில் கசிவு வந்தால் தானே அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றை மாட்டச் சொல்லுங்கள். அதற்கான செலவைக் கிடாரின் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

சிங்கிள் காயிலா ஹம்பக்கரா என்பது காதின் ருசி. அதை நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம். கச்சேரிக்கு முன் எர்த் குழிக்கு ரெண்டு குடம் தண்ணீர் ஊற்றுவதை மட்டும் நாளைக்குத் தள்ளிப் போடாதீர்கள்.