‘அண்ட் சன்ஸ்’: ஒரு தந்தை, ஒரு மகள், ஒரு இனிஷியல்

சிம்மக்கல்லில் இருந்து வடக்கு வெளி வீதியைப் பிடித்து மேற்கே நடந்து, அது முடிகிற இடத்தில் தெற்கே திரும்பினால் மேல வெளி வீதி. ரயில் நிலையம் இருக்கிற வீதி. டி.வி.எஸ். கட்டடமும் அதில்தான். மதுரைக்காரர்களுக்கு இதற்கு வழி சொல்லத் தேவையில்லை, வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். டி.வி.எஸ். என்பது ஒரு மனிதரின் பெயர் என்பதையே நம்ம ஊரில் பாதிப் பேர் மறந்துவிட்டார்கள். நிறுவனத்தின் முழுப் பெயர் ‘டி.வி.சுந்தரம் ஐயங்கார் அண்ட் சன்ஸ்’. இந்தப் பெயரின் கடைசி இரண்டு சொற்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சுந்தரம் ஐயங்காருக்கு ஐந்து மகன்கள், மூன்று மகள்கள். பலகையில் மகன்கள் மட்டும் இருக்கிறார்கள். இதை அவருடைய குற்றமாகச் சொல்ல வரவில்லை. அந்தக் காலத்தில் மதுரை, சென்னை, பம்பாய் என்று எங்கே போனாலும் ஜவுளிக்கடை முதல் பாத்திரக்கடை வரை ‘அண்ட் சன்ஸ்’தான். ‘அண்ட் பிரதர்ஸ்’கூட உண்டு. ‘அண்ட் டாட்டர்ஸ்’ என்று ஒரு பழைய பலகையை நான் இதுவரை பார்த்ததில்லை. தொழில் என்றால் ஆண்வழி, உழைப்பு என்றால் அப்பாவுடையது, அது மகனுக்குப் போகும். யாரும் உட்கார்ந்து யோசித்து முடிவு செய்ததல்ல. பெயர்ப்பலகை எழுதுகிற பெயின்டருக்குக்கூடக் கேட்காமலே தெரிந்திருந்த விஷயம்.

முதலில் அந்த உழைப்பைப் பார்த்துவிடலாம். சுந்தரம் ஐயங்கார் 1877இல் திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடியில் பிறந்தவர். சட்டம் படித்து, ரயில்வேயிலும் வங்கியிலும் வேலை பார்த்தவர். அந்த நாளில் ஒரு படித்த பிராமணருக்கு இதற்கு மேல் ஆசைப்பட ஒன்றுமில்லை. சம்பளம், பென்ஷன், மரியாதை எல்லாம் அதில் இருந்தது. அதை விட்டுவிட்டு மோட்டார் வண்டிக்கு வந்தார். கிரீஸ், டயர், புழுதி. 1911ஐத்தான் நிறுவனம் தன் தொடக்க ஆண்டாகக் கணக்கு வைத்திருக்கிறது.

டி.வி.எஸ். பஸ் ஒரு நிறுத்தத்தைத் தாண்டுவதை வைத்துக் கடிகாரத்தைச் சரி பண்ணிக்கொள்வார்கள் என்று மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லாத வீடு கிடையாது. சாலையில் மாட்டு லாடத்து ஆணிகள் கிடந்து டயரைக் குத்திவிடும் என்று காந்தம் கட்டி ஆணி பொறுக்கிய கதையும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, கரியை எரித்து அந்த வாயுவில் வண்டி ஓட்டும் ‘கேஸ் பிளான்ட்’ கருவியைச் செய்து விற்றார்கள். இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே பாடம்தான்: சொன்ன நேரத்துக்கு வரணும், வண்டி நடுவழியில் நிற்கக் கூடாது, நின்றால் யார் மேலும் பழி போடாமல் இறங்கிச் சரி பண்ணணும். 1970களின் தொடக்கத்தில் அந்த பஸ்கள் அரசுடைமையாகி பாண்டியன் போக்குவரத்துக் கழகமான பிறகும், ஊர் வாயில் ‘டி.வி.எஸ். பஸ் காலம்’ என்ற சொல் ரொம்ப நாள் இருந்தது.

இந்தப் பாடத்தை மகன்கள் கற்றுக்கொண்ட கதை எல்லோருக்கும் தெரியும். சுந்தரம் ஃபைனான்ஸ், சுந்தரம் கிளேட்டன், சுந்தரம் ஃபாஸ்னர்ஸ், டி.வி.எஸ். மோட்டார் என்று பட்டியல் போகும். மகள்களில் ஒருவரும் அதையே கற்றுக்கொண்டார். அவர் கதையை நாம் வேறு அலமாரியில் வைத்திருக்கிறோம். காந்தியம், சமூக சேவை, பெண்கள் முன்னேற்றம் என்று எழுதிய அலமாரியில்.

சௌந்தரம் பிறந்தது 1904 ஆகஸ்டில். (அதே ஆகஸ்டில் வடக்கு வெளி வீதி சேதுபதி பள்ளியில் பாரதி தமிழாசிரியராகச் சேர்ந்திருந்தார். மூன்று மாதம்தான் வேலை. அடுத்த வருஷமே சென்னையில் பெண்களுக்கான ‘சக்ரவர்த்தினி’ பத்திரிகையை நடத்தப் போய்விட்டார். இரண்டுக்கும் தொடர்பு ஒன்றும் இல்லை, காலத்தைக் காட்டுவதற்காகச் சொன்னேன்.) 1918இல் சௌந்தரத்துக்குக் கல்யாணம். வயது பதினான்குகூட நிறையவில்லை. குழந்தை மணத் தடுப்புக்கான சாரதா சட்டம் வர இன்னும் பதினோரு வருஷம் இருந்தது. மாப்பிள்ளை சௌந்தரராஜன் ஒரு டாக்டர். மனைவி படிக்க வேண்டும் என்று நினைத்தவர். பிளேக் நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்து, அந்த நோயிலேயே 1925இல் இறந்துபோனார்.

இருபது வயதுப் பிராமண விதவை. 1925இல் அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றைக்கு விளக்கித்தான் ஆக வேண்டும். பல வீடுகளில் தலைமுடி மழிக்கப்படும், நார்மடிப் புடவை, ஒரு வேளைச் சோறு, நல்ல காரியங்களில் எதிரே வரக் கூடாது. சட்டப்படி மறுமணம் செய்யலாம் என்று 1856இலேயே சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டத்தை அக்ரகாரத்துக்குள் யாரும் அழைக்கவில்லை, அவ்வளவுதான்.

சுந்தரம் ஐயங்காரும் லட்சுமி அம்மாளும் அந்த மகளைப் படிக்க அனுப்பினார்கள். அதுவும் பக்கத்தில் எங்கேயோ அல்ல. டெல்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரிக்கு. மதுரையில் ரயில் ஏறினால் போய்ச் சேர இரண்டு மூன்று நாள். ஒரு விதவைப் பெண்ணை அவ்வளவு தூரம் தனியே விட்டுவிட்டு, ஊரில் தலை நிமிர்ந்து தொழில் நடத்துவதற்கும் ஒரு துணிச்சல் வேணும். 1936இல் அவர் டாக்டராகி வெளியே வந்தபோது வயது 32.

இந்த இடத்தில் இன்னும் இரண்டு அப்பாக்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பதினோரு வயதில் விதவையான சகோதரி சுப்புலட்சுமியை வீட்டுக்குள் முடக்காமல் படிக்க வைத்தவர் அவருடைய அப்பா சுப்பிரமணிய ஐயர். அந்த மகள் 1911இல் பட்டம் வாங்கினார். புதுக்கோட்டையில் ஆண்கள் கல்லூரிக்குள் முத்துலட்சுமி போக முடிந்ததற்குப் பின்னால் அப்பா நாராயணசாமி ஐயர் இருந்தார். நம்ம பெண்கள் வரலாற்றின் தொடக்கப் பக்கங்களைப் புரட்டினால் ஏறக்குறைய ஒவ்வொரு கதவிலும் ஒரு நல்ல அப்பா சாவியோடு நிற்கிறார். நல்லதுதான். சாவி ஏன் அவரிடம் இருந்தது என்பதை நாம் கேட்பதில்லை. சாவி கொடுக்காத அப்பாக்களின் மகள்கள் எத்தனை பேர் என்பதற்கு எந்தப் பதிவேடும் கிடையாது.

சௌந்தரம் கதையில் சிக்கல் வருவது இதற்கு அப்புறம்தான். டெல்லியில் சுசீலா நய்யாரோடு சிநேகம், அது வழியாகக் காந்தி. அங்கே ஜி.ராமச்சந்திரன் அறிமுகம். நெய்யாற்றின்கரைக்காரர், சாந்திநிகேதனில் படித்தவர், மலையாளி, வேறு சாதி. இருவரும் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினார்கள். காந்தி, ஒரு வருஷம் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல், கடிதமும் எழுதாமல் இருங்கள்; அதற்கப்புறமும் இதே எண்ணம் இருந்தால் நடக்கட்டும் என்றார். இருந்தார்கள், எண்ணம் மாறவில்லை. 1940 நவம்பரில் காந்தியும் கஸ்தூர்பாவும் முன்னின்று கல்யாணம் நடந்தது. அவர்கள் நூற்ற நூலில் நெய்த புடவையும் வேட்டியும்தான் கல்யாணத் துணி.

அப்போது மதுரை எப்படி இருந்தது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1939 ஜூலை 8இல்தான் வைத்தியநாத ஐயர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துப்போயிருந்தார். வைதீகர்களின் கோபம் இன்னும் ஆறவில்லை. அதே ஊரின் பெரிய மனிதர் ஒருவர் வீட்டில் விதவை மறுமணம், அதுவும் சாதி தாண்டி.

இந்தக் கல்யாணத்தை இரண்டு விதமாக எழுதுகிறார்கள். தொழிலதிபர் வரலாறு எழுதுகிறவர்கள், சுந்தரம் ஐயங்கார் முற்போக்காளர், விதவை மகளுக்கு அந்தக் காலத்திலேயே மறுமணம் ‘செய்து வைத்தார்’ என்பார்கள். காந்தியர்கள் எழுதும்போது, பெற்றோர் முதலில் சம்மதிக்கவில்லை, காந்திதான் ‘நடத்தி வைத்தார்’ என்று வரும். எது சரி என்று சண்டை போடுவதைவிட இரண்டிலும் பொதுவாக இருக்கிற வினைச்சொல்லைப் பார்ப்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒன்றில் அப்பா வைத்தார், இன்னொன்றில் காந்தி வைத்தார். கல்யாணப் பெண்ணுக்கு வயது 36. டாக்டர். ஒரு வருஷம் பேசாமல் எழுதாமல் காத்திருந்து, அதற்கு அப்புறமும் ‘ஆமாம்’ என்று சொன்னவர். ‘செய்துகொண்டார்’ என்று எழுத ஏன் கை வரமாட்டேன் என்கிறது?

பதினான்கு வயதில் நடந்ததும் ‘செய்து வைத்தார்கள்’, முப்பத்தாறில் நடந்ததும் ‘செய்து வைத்தார்கள்’. நடுவில் அவர் கடந்துவந்த இருபத்திரண்டு வருஷம் அந்த வாக்கியத்தில் காணாமல் போய்விடுகிறது.

இது பெரிய மனிதர்கள் வீட்டு விஷயம் மட்டும் இல்லை. சிம்மக்கல்லில் நான் வளர்ந்த தெருவில் எல்லா அப்பாக்களும் உழைப்பாளிகள்தான். எங்க அப்பாவும். காலையில் அஞ்சு மணிக்குக் கடைக்குக் கிளம்பிவிடுவார், அதைச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள்: “அப்பாவைப் பாரு, அஞ்சு மணிக்கே எந்திரிக்கிறாரு.” அந்த அஞ்சு மணிக்கு அவர் கையில் காபி இருக்கும். காபி போட, குழாயில் தண்ணி பிடிக்க அம்மா நாலு மணிக்கே எந்திரிச்சிருக்கும். அதை யாரும் உழைப்புக்கு உதாரணமாகச் சொன்னதில்லை. அம்மாவே சொன்னதில்லை, அந்த வாக்கியத்தை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அம்மாதான். அப்பாவிடம் கற்றுக்கொண்டது பொய் என்று ஆகிவிடாது. கணக்கை முழுசாக எழுத வேண்டும் என்கிறேன். சுந்தரம் ஐயங்காரைப் பற்றி இவ்வளவு கதைகள் இருக்கிற ஊரில், எட்டுப் பிள்ளைகளை வளர்த்த லட்சுமி அம்மாளைப் பற்றி ஒரு கதையை என்னிடம் யாரும் சொன்னதில்லை.

திரும்ப சௌந்தரத்துக்கு வருகிறேன். 1942 போராட்டத்தில் ஈடுபட்டார். கஸ்தூர்பா நினைவு நிதியின் தமிழகப் பொறுப்பைக் காந்தி அவரிடம் கொடுத்தார். 1947இல் திண்டுக்கல் பக்கம் சின்னாளபட்டிக்கு அருகே கணவரோடு சேர்ந்து காந்திகிராமம் தொடங்கினார். சின்ன வைத்தியசாலையாக ஆரம்பித்ததுதான் இன்றைய கஸ்தூர்பா மருத்துவமனை. பள்ளிக்கூடங்கள், கிராம சேவிகைகளுக்கான பயிற்சி, கதர், கைத்தொழில் என்று ஒவ்வொன்றாக வந்தன. 1956இல் கிராமியக் கல்வி நிறுவனம்; அது 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. இடையில் இரண்டு தடவை சட்டமன்றம், 1962இல் திண்டுக்கல்லில் இருந்து மக்களவை, மத்தியக் கல்வித் துணை அமைச்சர், அதே வருஷம் பத்ம பூஷண்.

காந்திகிராமத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அதைக் காந்தியின் பிள்ளையாகப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் சுந்தரம் ஐயங்காரும் தெரிகிறார். ஒரு காரியத்தைச் சின்னதாக ஆரம்பித்து, அதற்குத் தேவையான ஆட்களைத் தானே பழக்கி, ஒன்று நின்றதும் பக்கத்தில் இன்னொன்றை நிறுத்துகிற முறை மேல வெளி வீதி முறை. ஆசிரமம் ஆரம்பித்தவர்கள் இந்தியாவில் ஏராளம். ஆரம்பித்தவர் போன பிறகு தூண் மட்டும் நிற்கிற ஆசிரமங்களும் ஏராளம். காந்திகிராமம் இன்றைக்கும் நோயாளி பார்க்கிறது, வகுப்பு நடத்துகிறது. வண்டி நடுவழியில் நிற்கவில்லை. அண்ணன் தம்பிகளுக்கு இது நிர்வாகத் திறமை என்று எழுதப்பட்டது, அவருக்குத் தியாகம் என்று எழுதப்பட்டது.

சட்டத்தின் கணக்கையும் போட்டுவிடுகிறேன். சுந்தரம் ஐயங்கார் 1955 ஏப்ரலில் காலமானார். இந்து வாரிசுரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது 1956 ஜூனில். அதிலும் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனைப் போலப் பிறப்பால் பங்கு மகளுக்கு இல்லை. தமிழ்நாடு அதை 1989இல் கொடுத்தது, அதற்கு முன்பே கல்யாணமானவர்களை விட்டுவிட்டு. நாடு முழுக்க 2005இல். சௌந்தரம் 1984 அக்டோபரில் இறந்துவிட்டார். அந்தக் குடும்பத்தின் நிறுவனங்களில் ஒன்றான சுந்தரம் கிளேட்டனில் இப்போது நிர்வாக இயக்குநராக இருப்பவர் லட்சுமி வேணு, சுந்தரம் ஐயங்காரின் கொள்ளுப்பேத்தி. பேரை வைத்தே கொள்ளுப்பாட்டியும் நினைவுக்கு வருகிறார்.

கடைசியாக ஒன்று. மக்களவைப் பதிவுகளில் அவர் சௌந்தரம் ராமச்சந்திரன். 2005 அக்டோபர் 2இல் அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டார்கள், ஊர் அவரை அதிகமும் சொல்வது டாக்டர் டி.எஸ்.சௌந்தரம் என்றுதான். நம்ம வழக்கத்தில் கல்யாணமானால் பெண்ணின் இனிஷியல் மாறிவிடும். இவருக்கு இரண்டு கல்யாணத்துக்கு அப்புறமும் மாறவில்லை. டி என்றால் திருக்குறுங்குடி. எஸ் என்றால் சுந்தரம்.