நிலவறை ஜன்னல்

பழைய வீட்டில் ஜன்னல் மாற்றுவது தச்சருக்கும் கொத்தனாருக்கும் உரிய காரியம். இதில் சரித்திரத்துக்கு என்ன வேலை என்று நேயர்கள் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது.

திருப்பூரை அடுத்த முதலிபாளையத்தில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. இன்று சிட்கோ தொழிற்பேட்டையும் பின்னலாடைக் கல்லூரியும் இருக்கிற ஊர் அது. நண்பருடைய வீடோ பாட்டனார் கட்டியது. அதன் அடியில், பாதி உயரம் பூமிக்குள் இறங்கிய ஓர் அறை. பருத்தியும் நிலக்கடலையும் மூட்டை மூட்டையாக அடுக்கக் கட்டியது. வெளிமுற்றத்துத் தரையை ஒட்டினாற்போல், முழ அகலத்தில் இரண்டு ஜன்னல்கள். நிலைச் சட்டங்களைக் கறையான் அரித்துவிட்டது. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே வழிகிறது. அந்த அறையில் பத்துத் தையல் இயந்திரங்களைப் போட்டுப் பனியன் தைக்க வேண்டும் என்பது நண்பரின் திட்டம்.

"ஏனுங்க, பழைய அளவுக்கே இரும்புல செஞ்சு மாட்டிட்டாப் போதுமுங்க. அளவ மாத்துனா சுவத்த இடிக்கோணும்" என்றார்.

சிக்கனம் நல்ல குணந்தான். ஆனால் பழைய அளவு மூட்டைக்காக எடுத்த அளவு அல்லவா?

கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். அசல் மான்செஸ்டரில், பஞ்சாலைகள் பெருகிய காலத்தில், தொழிலாளர் குடும்பங்கள் பல நிலவறைகளில் குடியிருந்தன. ஏங்கெல்ஸ் 1845-இல் வெளியிட்ட நூலில் அந்த ஈரமும் இருட்டும் பதிவாகியிருக்கின்றன. போதாக்குறைக்கு அந்நாட்டில் ஜன்னலுக்கே வரி இருந்தது. 1696-இல் பிறந்த அந்த வரி 1851-இல்தான் ஒழிந்தது. வரிக்குப் பயந்து ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தவர்கள் அநேகர்.

பிறகு 1875-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம், நிலவறையில் ஆள் குடியிருக்க வேண்டுமானால் இன்ன அளவு வேண்டும் என்று வகுத்தது. அறையின் உயரம் 7 அடி. அதில் 3 அடியாவது தெருமட்டத்துக்கு மேலே. ஜன்னல் 9 சதுர அடி, அதுவும் திறக்கக்கூடியதாக. முகப்பு நெடுக, அறையின் தரைக்கு அரையடி கீழே வரை, இரண்டரை அடி அகலத்தில் திறந்த பள்ளம். தண்ணீர் வடியச் சாக்கடை.

அந்தப் பள்ளத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. சுவர் ஈர மண்ணிலிருந்து விலகி நிற்கிறது. மழைநீர் ஜன்னலுக்கு வருமுன் கீழே இறங்கிவிடுகிறது. வெளிச்சமும் காற்றும் அதே வழியாக உள்ளே வருகின்றன. முதலிபாளையத்து முற்றத்துக்கும் இது பொருந்தும் என்று நண்பரிடம் சொன்னேன். அவர் கொத்தனாரோடு செலவைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சாமான் அறை மனிதர் வீடாக மாறியதற்குச் சென்னையிலும் உதாரணம் இருக்கிறது. அது நிலவறை அன்று. ஆனால் பிரச்னை இதேதான். அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் கொணர்ந்து விற்ற பிரெடரிக் டியூடரின் கம்பெனி, 1842-இல் கடற்கரையில் ஐஸ் ஹவுஸைக் கட்டியது. பனிக்கட்டிக்கு வெயிலும் காற்றும் விரோதிகள். வியாபாரம் படுத்தபின் அதை வாங்கிய வக்கீல் பிலிகிரி ஐயங்கார், சுற்றுத் தாழ்வாரங்கள் எடுத்து, நிறைய ஜன்னல்கள் வைத்து, அதை மனிதர் வாழும் வீடாக்கினார். 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் தங்கியது அங்கேதான். பிற்காலத்தில் சகோதரி சுப்புலட்சுமியின் பராமரிப்பில் இளம் விதவைகள் அங்கே தங்கியிருந்தார்கள்.

நம் நாட்டின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், காற்றோட்டத்துக்கு ஒரு பிரிவும் வெளிச்சத்துக்கு ஒரு பிரிவும் வைத்தது. ஜன்னல் கண்ணாடியை உள்ளும் புறமும் துடைத்து வைக்க வேண்டும் என்றுகூட எழுதியது. அதற்கு மாற்றாக 2020-இல் புதிய தொகுப்பு இயற்றப்பட்டது. சட்டம் மாறலாம், சித்திரை மாதத்துப் புழுக்கம் மாறுவதில்லை. மூட்டை இருந்த இடத்தில் பத்துப் பெண்கள் காலையிலிருந்து மாலைவரை ஊசிமுனையைப் பார்த்தபடி உட்காரப் போகிறார்கள் என்றால், ஜன்னலுக்கு அளவு எடுக்க வேண்டியது அவர்கள் உட்காரும் இடத்திலிருந்துதான்.